எலும்புத்தூளோடு பத்து ஆண்டுகள்: ஒரு முன்பல்லும் ஒரு கடைவாய்ப்பல்லும்

எனது மேல் தாடையின் முன்பகுதியில் 2015ஆம் ஆண்டிலும், கீழ்த் தாடையின் வலப்புறக் கடைவாயில் 2019ஆம் ஆண்டிலும் எலும்பு மாற்றுப் பொருள் வைக்கப்பட்டது. முதலாவது மாட்டெலும்பிலிருந்து எடுக்கப்பட்டது; இரண்டாவது முழுக்க முழுக்கச் செயற்கையானது. யாழ்ப்பாணத்தில் இம்பிளான்ற், அதாவது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பொருத்தும் செயற்கை வேர், வைப்பதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த டைட்டேனியம் வேரின் விலையையும் அது எந்த நாட்டுச் சாமான் என்பதையும் கேட்கிறார்களே தவிர, அது ஊன்றி நிற்கப்போகும் எலும்பைப் பற்றிக் கேட்பதில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவள் என்பதால் அளவுகளைக் கொப்பியில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் என்னிடம் இருந்தது. கீழே வரும் இலக்கங்கள் அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தவை.

பல்லைப் பிடுங்கியதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்கிவிடும். பன்னிரண்டு மாதங்களில் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும் என்றும், அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்துவிடும் என்றும் வைத்தியர் சொன்னபோதுதான் எனது முன்பல் இருந்த இடம் ஏன் குழி விழுந்து கிடந்தது என்று விளங்கியது. சைக்கிளில் இருந்து விழுந்து உடைந்த அந்தப் பல்லைப் பிடுங்கியபின், பல வருடங்கள் கழற்றிப் பூட்டும் பல்லோடுதான் காலத்தைக் கடத்தியிருந்தேன். முப்பரிமாண ஸ்கான் எடுப்பதற்கு யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்தேன். எலும்பின் அகலம் 4 மில்லிமீற்றர் என்று அறிக்கை வந்தது. வைக்கவிருந்த வேரின் விட்டம் மட்டும் 3.5 மில்லிமீற்றர்; அதன் இருபக்கமும் குறைந்தது ஒவ்வொரு மில்லிமீற்றராவது எலும்பு வேண்டும். கூட்டிப் பார்க்க எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

சொந்த எலும்பை எடுத்து வைக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். நாடியிலிருந்தோ, கீழ்த் தாடையில் ஞானப்பல்லுக்குப் பின்னாலிருந்தோ ஒரு துண்டு வெட்டியெடுப்பார்களாம். இன்னொரு இடத்திலும் காயம் வேண்டாமென்று மறுத்தேன். “அப்படியென்றால் எலும்புத்தூள் போடுவோம்” என்றார்கள், நானும் தலையாட்டினேன். எந்த எலும்பின் தூள் என்று அவர்கள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

விறைப்பு ஊசி போட்டபின் வலி இருக்கவில்லை. அழுத்தமும் உலோகச் சத்தமும் மட்டுமே தெரிந்தன. ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் வெள்ளைத் துணிக்கைகளைக் கொட்டி, எனது காயத்திலிருந்து உறிஞ்சிய இரத்தத்தை அதில் விட்டுக் கிளறினார்கள். பக்கவாட்டில் பார்த்தபோது சிவப்புத் தண்ணீரில் நனைந்த ரவை போல் இருந்தது. கரண்டியால் அள்ளினால் உதிராமல் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. அதைக் குழியில் நிரப்பி, மேலே ஒரு மெல்லிய சவ்வை விரித்து, பல்முரசை இழுத்துத் தைத்தார்கள்.

மூன்றாம் நாள் மேலுதடு வீங்கி மூக்கோடு ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. இரண்டாம் கிழமையில் தையலொன்று விலகி, சவ்வின் ஓரம் வெளியே தெரிந்தது. அதற்குக் குளோர்ஹெக்சிடின் கொண்டு வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். அந்த மருந்தோடு தேநீர் சேர்ந்தால் பற்களில் மண்ணிறக் கறை படியும் என்பதை யாரும் சொல்லாததால், ஒரு மாதம் வெற்றிலை போடுகிறவள் போலத் திரிந்தேன். நாக்கில் அவ்வப்போது மணல் போல ஓரிரு துணிக்கைகள் தட்டுப்பட்டன. அது வழக்கம்தான், பதறத் தேவையில்லை. சாப்பாடு சொதியில் ஊறிய இடியப்பமும் கஞ்சியுமாகப் பதினான்கு நாட்கள் ஓடியது. ஏழு மாதத்தின் பின் அகலம் 7 மில்லிமீற்றராக இருந்தது. வேரைப் பொருத்தி, அது எலும்போடு இறுகியபின் அதன் மேல் செயற்கைப் பல்லையும் வைத்தார்கள்.

அந்தத் தூளின் பூர்வீகம் 2019இல்தான் தெரியவந்தது. வலப்புறக் கடைவாய்ப்பல்லின் வேர் பிளந்துபோனதால் வேறொரு வைத்தியரிடம் போயிருந்தேன். அவர் எனது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முன்பல்லின் வேரைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவற்றைக் காட்டி, “நாலு வருசமாகியும் கரையேல்லை ரீச்சர், இது மாட்டெலும்பாத்தான் இருக்கும்” என்றார். பழைய இடத்தில் கேட்டபோது ஆம் என்றார்கள். மேலே விரித்த சவ்வு பன்றியின் கொலாஜன் என்ற புரதத்தில் செய்தது என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மச்ச மாமிசம் சமைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டியிலும் விரதமிருந்த வாயில் அவை இரண்டும் இருந்திருக்கின்றன.

“அந்தத் தூளில புரதமே இல்லை ரீச்சர். வெப்பமும் இரசாயனமும் குடுத்து எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, மிஞ்சுற கனியுப்பைத்தான் வைக்கிறது,” என்று புதிய வைத்தியர் சமாதானம் சொன்னார்.

“மாட்டில இருந்து வந்ததா இல்லையா டொக்டர்?”

“வந்ததுதான்.”

அவர் சொன்ன விஞ்ஞானம் சரியானதே. பயோ-ஒஸ் போன்ற பொருட்களில் எஞ்சுவது மாட்டெலும்பின் கனிமச் சட்டகம் மட்டும்தான். எங்களுடைய எலும்புக் கலங்கள் அந்தச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வளர்கின்றன, துணிக்கைகளோ பல ஆண்டுகளுக்குக் கரையாமல் அப்படியே நிற்கின்றன. எனது ஆதங்கம் பொருளின் மீதல்ல, கேட்காமல் வைத்ததன் மீது. ஒல்லாந்தச் சத்திரசிகிச்சையாளர் யோப் வான் மீக்கரனின் 1668ஆம் ஆண்டு நூலில், மண்டையோடு உடைந்த ஒரு ரஷ்யருக்கு நாயின் எலும்பை வைத்துக் குணப்படுத்தியதாகவும், அதற்காகத் திருச்சபை அவரை விலக்கிவைத்ததாகவும் ஒரு சம்பவம் வருகிறது. ஆக, இது சைவக்காரருக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. பன்றிச் சவ்வு என்றால் எங்கள் முஸ்லிம் அயலவர்களுக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

இரண்டாவது தடவை தெரிவுகளை எல்லாம் சொல்லச் சொன்னேன். கொழும்பில் கண் தானச் சங்கத்தைச் சேர்ந்த மனித இழைய வங்கி இருப்பதையும், தானமாகக் கிடைத்த மனித எலும்பும் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுவதையும் அப்போதுதான் அறிந்தேன். நான் தெரிவுசெய்தது 60% ஹைட்ரொக்சியபடைற்றும் 40% பீட்டா ட்ரைகல்சியம் பொஸ்பேற்றும் கலந்த செயற்கைத் துணிக்கை. இரண்டும் எலும்பின் கனியுப்பை ஒத்த கல்சியம் சேர்வைகள். பின்னது சில மாதங்களில் கரைந்து புதிய எலும்புக்கு இடம்விடும். முன்னது கரையாமல் நின்று வடிவத்தைக் காக்கும். பிடுங்கிய அன்றே குழியை நிரப்பித் தைத்தார்கள். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்தது. முன்பல்லில் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

சிக்கல் காலத்தால் வந்தது. 2019 நவம்பரில் நிரப்பிய குழியில் 2020 ஏப்ரலில் வேர் வைப்பதாக இருந்தது. மார்ச்சில் ஊரடங்கு. கிளினிக் பூட்டு. ஒருவாறு ஒக்டோபரில் வேர் வைத்தபோது, 9 மில்லிமீற்றராக இருந்த அகலம் 7.5 ஆகக் குறைந்திருந்தது. கடைவாய்க்கு அது போதும். முன்பல்லில் அதே ஒன்றரை மில்லிமீற்றர் குறைந்திருந்தால் முரசு உள்வாங்கி, சிரிக்கும்போது கறுப்பு நிழல் தெரிந்திருக்கும். ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு, பிடுங்கியதும் நாற்புறமும் சுவர் நிற்கும் கடைவாய்க் குழிக்குச் செயற்கைப் பொருள் தாராளமாகப் போதும் என்றும், சுவர் கரைந்துபோன முன்பக்கத்தில் மாட்டெலும்புத் தூள் போல மெதுவாகக் கரையும் பொருளுக்கே நான் மதிப்பெண் கூடப் போடுவேன் என்றும் சொல்கிறேன். மனம் ஒப்பாதென்றால் அங்கே சொந்த எலும்பு. அந்த இரண்டாவது காயத்தை 2015இல் மறுத்தது அவசரப் புத்தி என்று இப்போது நினைக்கிறேன்.

சொந்த எலும்புக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை என்பதற்கு எனது மாணவன் ஒருவனே சாட்சி. பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறந்தவன். நிரந்தர வேட்டைப்பல் முளைக்க முன்னர், ஒன்பது வயதில், இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து மென்மையான உள்ளெலும்பைச் சுரண்டியெடுத்து அவனது மேல் தாடைப் பிளவை நிரப்பினார்கள். இரண்டு கிழமை நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பின்னர் அந்த எலும்பின் ஊடாகவே வேட்டைப்பல் இறங்கி வந்தது. உயிருள்ள கலங்களும், எலும்பை உருவாக்கத் தூண்டும் புரதங்களும் சொந்த எலும்பில் சேர்ந்தே இருக்கின்றன. எலும்புக்கு அப்படியொரு தூண்டும் ஆற்றல் இருப்பதை 1965இல் காட்டியவர் அமெரிக்க எலும்புச் சத்திரசிகிச்சையாளர் மார்ஷல் யூரிஸ்ட். பெட்டியில் வரும் துணிக்கைக்கு அந்த ஆற்றல் இல்லை. அது கொடி ஏறிச் செல்லும் பந்தல் மட்டும்தான், அந்தக் கொடி எங்களுடையதாக இருக்க வேண்டும்.

அதனால்தான் புகைப்பவர்கள், வெற்றிலை பாக்கை விடாதவர்கள், சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தாதவர்கள் எந்தத் தூளை வாங்கினாலும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. எலும்புத் தேய்வுக்குப் பிஸ்பொஸ்பொனேற் மாத்திரை எடுக்கும் என் வயதுப் பெண்கள் தாடையில் கைவைக்க முன்னரே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து எடுப்பவர்களுக்குத் தாடையெலும்பு இறந்துபோகும் ஆபத்து உண்டு.

2022இல் எரிபொருள் வரிசைக்குள் மாட்டுப்பட்டு ஒரு வருடப் பரிசோதனை தவறியதைத் தவிர, இரண்டையும் ஒழுங்காகக் காட்டிவருகிறேன். கடைவாயில் இப்போது பனங்கிழங்கு கடிக்கிறேன். முன்பல்லின் வேரைச் சுற்றி அந்த வெள்ளைப் புள்ளிகள் பத்தாவது வருடத்திலும் அப்படியே நிற்கின்றன. எலும்பின் உயரம் அரை மில்லிமீற்றர்கூடக் குறையவில்லை.

இந்தத் துணிக்கைக் குப்பிகளோடு தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட்ட ஒட்டுத்தாள் வரும். அதிலொன்றை உங்கள் அட்டையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். 2019ஆம் ஆண்டுக்குரியது எனது கொப்பியில் ஒட்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டுக்குரியதை மூன்று தடவை கேட்டுப் போனேன். சிகிச்சைக் கோவையைத் தேடுகிறோம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.