விடுமுறை ஆஃபரில் டிவி வாங்கி, அந்த ‘மிச்சத்தில்’ டூர் போட்ட கதை

விடுமுறைக் கால விற்பனையில் டிவியோ லேப்டாப்போ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கார்டை எடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் ஏமாந்தவன் எழுதுகிறேன்.

முதலில் டிவி. மாதக்கணக்கில் ஒரே மாடலைக் குறிவைத்திருந்தேன். 120 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 120 முறை படம் மாறும்), கேபிள் செருக நான்கு ஹெச்டிஎம்ஐ போர்ட் என்று விமர்சனங்கள் எல்லாம் மனப்பாடம். விற்பனை தொடங்கிய இரவு, பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் அடித்து, 40 சதவீதத் தள்ளுபடி என்று அதே டிவி வந்து நின்றது. பெயர் அதே, படம் அதே, அளவும் அதே. ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பெட்டி வந்தது. கேம் கன்சோலையும் சவுண்ட்பாரையும் இணைத்தாயிற்று. செட்-டாப் பாக்ஸ் கேபிளோடு பின்பக்கத்தைத் தடவுகிறேன், இடமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மொத்தமே இரண்டு போர்ட். திரையும் 60 ஹெர்ட்ஸ்தான். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், பையன் பொறுமையாகச் சொன்னான்: “சார், நீங்க படிச்சது வேற மாடல், வாங்கினது வேற மாடல். நம்பரைப் பாருங்க சார்.” பார்த்தேன். கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு.

அப்புறம்தான் விசாரித்தேன். பெரிய கடைகளின் சீசன் விற்பனைக்கென்றே சில பாகங்களைக் குறைத்துத் தனி மாடல் தயாரிப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கமாம். பெரும்பாலும் சட்டப்படி குற்றமும் இல்லை. விவரமெல்லாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. இதில் இன்னொரு சாமர்த்தியம், அந்த நம்பர் ஒரே கடையில்தான் கிடைக்கும். வேறெங்கும் விலையை ஒப்பிடவே முடியாது. கோடு போட்டு அடித்த அந்தப் ‘பழைய விலை’க்கு அந்த மாடலை யாராவது என்றைக்காவது வாங்கியிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். மற்ற இடங்களில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அமேசானில் வாங்குகிறவர்கள் கீப்பா, கேமல்கேமல்கேமல் மாதிரியான தளங்களில் ஒரு பொருளின் விலை எப்படி ஏறி இறங்கியது என்று பார்க்கலாம். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

சரி, டூருக்கு வருகிறேன். டிவியை ஆர்டர் பண்ணி, பெட்டி வருவதற்கு முன்பே, “அவ்வளவு மிச்சம் பிடித்தோமே” என்ற தெம்பில் நான்கு நாள் பயணம் போட்டோம். இல்லாத மிச்சம்! விடுமுறையில் சாமான் விற்கிறவர்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கிறார்கள், அல்லது குறைத்த மாதிரி காட்டுகிறார்கள். பயணத்தில் நேர் எதிர். எல்லோருக்கும் லீவு அதே தேதியில். தேதியை மாற்றவும் முடியாது. ஆகவே அறை வாடகையும் டிக்கெட்டும் ஏறும், ரத்து விதிகள் இறுகும். இங்கே மிச்சம் பிடித்த மிதப்போடு அங்கே போய் நிற்கிறவன்தான் கேள்வி கேட்காமல் காசை நீட்டுவான். நான் நீட்டினேன்.

“இந்த விலையில் கடைசி ஓர் அறை” என்று ஒரு வரி. பக்கத்தில் 15 நிமிட டைமர். மேலே பச்சை எழுத்தில் “இலவச ரத்து”. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் என்று இரண்டு புது வரிகள் முளைத்தன. டைமரில் இரண்டு நிமிடம்தான் பாக்கி, கட்டிவிட்டேன். அன்று இரவே மனைவி ஓட்டலின் சொந்தத் தளத்தில் அதே அறையைக் குறைந்த விலைக்குக் கண்டுபிடித்தாள். உடனே ரத்து செய்யப் போனால், ‘விடுமுறைத் தேதிகளுக்கு இலவச ரத்து பொருந்தாது’ என்கிறது உறுதிப்படுத்தும் மின்னஞ்சலின் பதினோராவது வரி. பதிவு செய்த பக்கத்தை மறுபடி திறந்தேன். அதே கடைசி ஓர் அறை. டைமர் திரும்பவும் 15-இலிருந்து ஓடத் தொடங்கியது.

சாமான் என்றால் திருப்பி அனுப்பவாவது ஒரு வழி இருக்கும். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட, தேதி குறித்துப் பதிவு செய்த ஓட்டல் அறைக்கு அது கிடையாது.

டிவியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், அனுப்பும் செலவு என் தலையில். அறைப் பணத்துக்காகக் கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்திருக்கிறேன். “இலவச ரத்து என்று போட்டிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். டைமர் ஓடிய அவசரத்தில் அதை நான் எடுக்கவில்லை.