குளம் நிரப்ப தண்ணி லாரி: இஞ்சம்பாக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

எங்க வீட்டு நீச்சல் குளம் 7 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3. பெருக்கினா கிட்டத்தட்ட 32,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூணு வேணும். மிச்சம் சம்புக்குப் போகும்.

"போர் இருக்கே, லாரி எதுக்கு?"ன்னு மாமியார் கேட்டாங்க. எங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, 1,800. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல வேற என்ன வரும்? குளிக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா வெயில்ல தண்ணிதான் ஆவியாகுமே தவிர உப்பு ஆவியாகாது. குறைஞ்சதுக்கு மறுபடி போர் தண்ணியே விட்டா உப்பு ஏறிக்கிட்டே போகும். டைல்ஸ்ல வெள்ளைப் படிவு, எவர்சில்வர் ஏணியில துரு.

அதனால லாரி. "எங்கேருந்து எடுக்கிறீங்க?"ன்னு போன்ல கேட்டேன். இதுக்கு முன்னாடி விசாரிச்ச ஆள் "சுத்தமான தண்ணி சார்"னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த லாரிக்காரர் திருப்போரூர் பக்கம் விவசாயக் கிணறுன்னு பட்டுன்னு சொன்னார். எனக்கு அங்கேயே பாதி திருப்தி.

லாரித் தண்ணி வந்ததும் டிடிஎஸ் மீட்டர்ல பார்த்தேன், 420 காட்டுச்சு. அதோட விட்றாதீங்க. தண்ணியில இரும்பு இருக்கான்னு டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. வெள்ளை பக்கெட்ல லாரித் தண்ணி பிடிச்சு, குளத்துக்குப் போடற குளோரின் ஒரு சிட்டிகை போட்டு பத்து நிமிஷம் வைங்க. முதல் ரெண்டு லாரியும் பளிச்சுன்னு இருந்துச்சு. மூணாவது லோடு வேற கிணறாம். பக்கெட் டீ கலருக்கு வந்துடுச்சு. அதைக் குளத்துல விட்டிருந்தா, குளோரின் போட்டதும் மொத்தக் குளமும் அப்படித்தான். டிரைவர் தம்பி பக்கெட்டைப் பார்த்தார், முதலாளிக்குப் போன் போட்டார், வண்டியைத் திருப்பிட்டார். சாயங்காலம் பழைய கிணத்துத் தண்ணி வந்துச்சு, கூடுதல் காசு கேக்கல. நாலு ஸ்டார் அதுக்குத்தான்.

ஒரு ஸ்டார் குறைச்சது ஓஸ் பைப்புக்கு. மண்ணுல இழுத்துட்டு வந்து அப்படியே குளத்துக்குள்ள போடறாங்க. நுனியைக் கழுவச் சொல்லுங்க. விலையும் மத்தவங்களைவிட லோடுக்கு 300 ரூபா ஜாஸ்தி.

ஏப்ரல் பிறந்தா அபார்ட்மென்ட்டுகளுக்குத்தான் முதல் லோடு, நீச்சல் குளம்னா கடைசி வரிசைன்னு சொல்லிட்டார். நியாயம்தான். பிப்ரவரியிலேயே பேசி வைங்க.