ஸ்ப்ரேயா, ஸ்டன் கன்னா, அலாரமா?

இரவு ஷிஃப்ட் முடிந்து வேளச்சேரி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தங்கையின் தற்காப்புக்காக மூன்றையும் வாங்கிப் பார்த்தேன்.

பார்த்தவுடன் மிரட்டுவது மின் அதிர்ச்சி கொடுக்கும் ஸ்டன் கன்தான். பட்டனை அழுத்தினால் படபடவென்று நீலப் பொறி. பெட்டியில் '20 லட்சம் வோல்ட்' என்று போட்டிருந்தது. உலர்ந்த காற்றில் 1 செ.மீ. தாண்டிப் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். இதன் முனைகளுக்கு நடுவே இருப்பதோ 2 செ.மீ. 20 லட்சம் நிஜமென்றால் பொறி அரை மீட்டருக்கு மேல் நீள வேண்டுமே! சரி, அந்தப் பொய் போகட்டும். இதை ஆள் உடம்பில் வைத்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். தடித்த ஜாக்கெட் போட்டிருந்தால் அதுவும் சந்தேகம். அவ்வளவு கிட்டத்தில் அவன் கையும் நமக்கு எட்டும், பிடுங்கிவிட்டால் போச்சு. போலீஸ் வைத்திருக்கும் டேசர் வேறு ரகம். அது கம்பியோடு ஊசிகளைத் தூரத்திலிருந்தே சுடும்.

பெப்பர் ஸ்ப்ரேயில் இருப்பது மிளகாயின் காரமான கேப்சைசின். 2, 3 மீட்டர் தள்ளி நின்றே அடிக்கலாம். கண் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு கமறும். ஆடி மாதம் மொட்டை மாடியில் காற்றுக்கு எதிராக அடித்துப் பார்த்த புத்திசாலி நான். புகைபோல் பரவும் ரகம் அது. பாதி என் முகத்துக்கே திரும்பியது. மிளகாய் வற்றல் கருகும் நெடியைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது என்பதை அன்றைக்குக் கண்ணால் படித்தேன். காற்றில் பரவாமலிருக்கத் தாரையாகப் பீய்ச்சும் ரகமே வாங்குங்கள். ஷேர் ஆட்டோவுக்குள் அடித்தால் எல்லாரும் சேர்ந்து இருமுவீர்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். உள்ளே அழுத்தம் குறைந்தால் பீய்ச்சாது. விமானத்தில் கைப்பையோடு விடமாட்டார்கள்.

இழுத்தால் அலறும் அலாரம் மலிவு, யாரையும் காயப்படுத்தாது. ஆனால் காதில் விழ ஆள் வேண்டும். எங்கள் தெருவில் இழுத்தபோது முதலில் வந்தது நாய்கள், அப்புறம்தான் எதிர்வீட்டுப் பாட்டி.

தற்காப்பு உரிமையை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தருகின்றன. தேவைக்கு மேல் காயப்படுத்த அதில் இடமில்லை. அடித்துவிட்டு ஓடுவதற்கு ஸ்ப்ரேதான் தோது. என் ஓட்டு அதற்கு, துணைக்கு அலாரம்.

முதல் வாரம் ஸ்ப்ரே பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தது. எடு என்றேன், துழாவி எடுக்கப் பதினோரு நொடி ஆனது. இப்போது அது குர்தாவின் வலது பாக்கெட்டில். அலாரம் தோள்பட்டை வாரில் தொங்குகிறது.