முன் கண்ணாடி மாற்றிய பிறகு: ஐந்து வருட ஹைபிரிட் கார் அனுபவம்

போன மாதம் ஒரு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது கல் ஒன்று தெறித்து வந்து முன் கண்ணாடியில் பட்டது. கடுகளவு புள்ளிதான். ஆனால் விழுந்த இடம் சரியாகக் கேமராவுக்கு நேர் எதிரே. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், "அடாஸ் இருக்கிற மாடலை எடுக்கலாமா, இல்லாததே போதுமா?" என்று கேட்டார். கேமரா, ரேடார் இவற்றைக் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதிகளைத்தான் அடாஸ் என்கிறார்கள். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வண்டி ஹைபிரிட், அதாவது எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. ஐந்து வருடம், எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எஞ்சின், இடவசதி, மைலேஜ் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு வருகிறேன்.

உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னக் கேமராதான் இந்த வண்டியின் கண். சாலைக் கோடு, ஆள், முன்னால் போகும் வண்டி எல்லாவற்றையும் அது முன் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. கண்ணாடியை மாற்றினால், நேர்ப்பார்வை எது என்று அதற்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் கேலிப்ரேஷன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் ஒரு பலகையை வைத்துச் செய்வார்கள். சில வண்டிகளுக்குக் கருவியை மாட்டிக்கொண்டு கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டியும் செய்வதுண்டு.

எனக்குக் கண்ணாடி மாற்றியவர்கள் இதைச் செய்யவில்லை. "கேமராவைக் கழற்றி அதே இடத்தில் மாட்டிவிட்டோம், ஒன்றும் ஆகாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் வண்டி கோட்டுக்கு நடுவில் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்டியரிங் என் கையை மீறிப் பக்கவாட்டில் இழுத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இழுத்தது. வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்க ஸ்டியரிங்கைத் திருப்பும் லேன் அசிஸ்டை அணைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், நூறு மீட்டர் தள்ளி அதன் பார்வை ஏறக்குறைய 1.75 மீட்டர் விலகிவிடும். நெடுஞ்சாலை லேன் ஒன்றின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர். அப்படியென்றால் பாதி லேன் தப்பு! பக்கத்து லேனில் போகும் வண்டி என் முன்னால் போவதாக இதற்குத் தோன்றும். என் முன்னால் நிற்கும் வண்டியை வேறு லேனில் நிற்பதாகவும் நினைத்துக்கொள்ளும். இப்படி ஒரு வேலையைச் செய்யாமலே ஒரு குடும்பத்தை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்களே என்று நினைத்தபோது தூக்கம் வரவில்லை. வேறு இடத்தில் அரை நாள் காத்திருந்து, பலகை வைத்துச் சரிசெய்துகொண்டேன். இப்போது பழையபடி ஓடுகிறது.

கோபம் அதோடு அடங்கவில்லை. சாதாரணமாக அந்த மாதிரிப் புள்ளிக்குள் பிசினை நிரப்பிக் கண்ணாடியைக் காப்பாற்றிவிடலாம். கேமராவுக்கு எதிரே என்றால், பார்வை சிதறும் என்று செய்ய மறுக்கிறார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் கடுகளவு புள்ளிக்காக ஒரு முழுக் கண்ணாடி குப்பைக்குப் போகிறது. இந்தக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. விபத்தில் அது முகத்தில் சில்லுசில்லாகக் கொட்டாமல் இருப்பது அந்தப் படலத்தால்தான். அதே படலம் இருப்பதால்தான் இதைப் பாட்டில் கண்ணாடி போல் எளிதாக உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடிவதில்லை. பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த என் பழைய கண்ணாடி எங்கே போகும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பின் பம்பரிலும் இதே கதை. ஓரத்தில் சின்ன விரிசல். உள்ளே, அலையை அனுப்பிப் பக்கத்தில் வரும் வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடார் இருப்பதால், அந்த இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அலை தடைபடும் என்று முழு பம்பரையும் மாற்றினார்கள். புகையைக் குறைக்கத்தான் நான் ஹைபிரிட் வாங்கினேன். பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் விளம்பரத்தில் தனித்தனிப் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். பட்டறைக்கு வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஐரோப்பாவில் 2015 முதல், ஆயுள் முடிந்த வண்டியின் எடையில் 95 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மீட்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தச் சதவீதம் கடைசியில் வந்து சேரும் வண்டிக்கு. நடுவில் கழற்றி எறிந்த கண்ணாடியும் பம்பரும் அதில் சேராது.

சரி, இந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு மழை மாலையில், நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து சைக்கிளில் ஒரு பையன் வந்துவிட்டான். என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி பிரேக் போட்டது. பையனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். நான் வண்டியை ஓரங்கட்டி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அதைச் செய்ததும் இந்தக் கேமராதான்.

எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு, டயர் காற்றழுத்த சென்சார். இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. காற்று குறைந்தால் டயர் சூடாகி வெடிக்கலாம், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும், டயரும் சீக்கிரம் தேயும். ஒரே ஒரு மஞ்சள் விளக்கு இத்தனையையும் தடுக்கிறது. நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் நாளில் டயரில் ஆணி இருந்ததை இதுதான் காட்டிக்கொடுத்தது. பாதுகாப்பும் சிக்கனமும் சண்டையில்லாமல் சேர்ந்து போகும் இடம் இந்த வண்டியில் இது. அப்புறம் பிரேக். வேகம் குறையும்போது மோட்டாரே பெரும்பாலும் இழுத்துப் பிடிப்பதால், பிரேக் பேட் இன்னும் முதலில் வந்ததே ஓடுகிறது. பேட் தேய்ந்தால் வரும் தூசிக்கும் ஐரோப்பா இப்போது யூரோ 7 என்ற வாகன மாசு விதியில் வரம்பு வைத்திருக்கிறது.

1959இல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று புள்ளி சீட் பெல்ட்டை உருவாக்கினார். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. என் வண்டியின் கேமராவைச் சரிசெய்யும் மென்பொருளோ ஒரு சாதாரண மெக்கானிக் கைக்குக் கிடைப்பதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலையைத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்யும்படி திறந்துவிட வேண்டாமா? 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மென்பொருள், புகைச் சோதனையில் ஒரு முகமும் சாலையில் வேறு முகமும் காட்டியது வெளிவந்தது. அப்போதிருந்தே வண்டிக்குள் எது எப்படி ஓடுகிறது என்று எனக்குக் காட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நண்பரிடம், அடாஸ் இருக்கிற மாடலையே எடுக்கச் சொன்னேன். கண்ணாடியோ பம்பரோ மாற்றினால், கேலிப்ரேஷன் அறிக்கையைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். "அப்போ உங்கள் கார் மாடலையே எடுக்கலாம்தானே?" என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பையன் பிழைத்ததை மறக்கவில்லை, இதை நான் விற்கவும் போவதில்லை. ஆனாலும் இந்த மாதம் இந்த வண்டியை இன்னொருவரை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.