சொந்த ஸ்கூபா கருவி: கோவளம், லட்சத்தீவு சீசன்களுக்குப் பிறகு

ஸ்கூபா கருவி கடலுக்குள் கெடுவது குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவளத்திலும் லட்சத்தீவிலும் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்து வீட்டு அலமாரிகளில் சும்மா கிடக்கும்போதுதான் பெரும்பாலும் பாழாகிறது. எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கி வைப்பதை விட மாஸ்க், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், பிறகு சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் என்ற வரிசையில் வாங்குவது புத்திசாலித்தனம். சிலிண்டரும், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டியும் வாடகைக்கே போதும்.

அதிகம் செலவு வைப்பது ரெகுலேட்டர். சிலிண்டரில் மாட்டும் அதன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. அதன் வாயை மூடும் டஸ்ட் கேப்பை ஈரத்தோடு மூடினாலோ, கழுவும்போது வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பொத்தானை (காற்றைப் பீய்ச்சும் பொத்தான்) அழுத்தினாலோ தண்ணீர் உள்ளே ஏறிவிடும். காற்று நுழையும் வாயில் உள்ள சிறு ஃபில்டரைப் பாருங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது, நேராகச் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். கேப்பை நன்றாகத் துடைத்து இறுக்கி மூடிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். மேலே ஊற்றி அலசினால் இடுக்கில் காய்ந்த உப்பு கரையாது. கடலோரத்தில் பல கிணறுகளின் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவிப் பயனில்லை.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டித் திறந்து, ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். முதலில் சத்தமில்லாமல் இருந்து, பிறகு வாய்ப்பகுதியில் மெல்ல ‘ஸ்ஸ்’ என்று காற்று கசியத் தொடங்கினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்றை அடைக்கும் சீட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனையைக் கரையிலேயே செய்துவிட வேண்டும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கிற்குத் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் பளபளப்பு தெரியும் அளவுக்குப் போதும்.

காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி ஜாக்கெட்டில் பிரச்சினை வெளியே இல்லை, காற்றுப் பைக்குள் இருக்கிறது. காற்றேற்றும் குழாயான இன்ஃப்ளேட்டரின் வாய் வழியே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வடித்துவிட்டு, பாதி ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும். விட்டுவிட்டால் உப்புப் பரல் இன்ஃப்ளேட்டர் பொத்தானில் சிக்கி, நீருக்கடியில் தானாகவே காற்று ஏறத் தொடங்கும். அப்போது ரெகுலேட்டரிலிருந்து இன்ஃப்ளேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டம்ப் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். இதைக் கைக்குப் பழக்கி வைத்திருப்பது நல்லது.

மாஸ்க் நீண்ட காலம் உழைக்கும். தெளிந்த சிலிகான் நம் ஈரக்காற்றில் கறுப்புப் பூசணம் பிடிக்கும், ஆகவே கறுப்பு நிறமே மேல். விழிஞ்ஞம், குளச்சல் பாறைகளில் சிப்பி எடுப்பவர்களைப் பார்த்தால் தெரியும், முகத்துக்குப் பொருந்துகிற எளிய மாஸ்க்கே போதும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னில் மட்டும் இடம் பார்த்து வாங்குங்கள். விழிஞ்ஞம் மாதிரி பாறைக் கரையில் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், ‘பூட்டி’ எனும் தடித்த காலணியும், அதன்மேல் மாட்டும் ஃபின்னும் அவசியம். லட்சத்தீவில் படகிலிருந்து குதிப்பதற்கு முழுப்பாத ஃபின் போதும்.

எவ்வளவு ஈய எடை கட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாடகையில் கிடைக்கும் 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாகச் சுமார் இரண்டரை கிலோ மிதப்பு கூடும். ஆகவே எடையைத் தொடக்கத்தில் சரிபார்த்தால் போதாது. சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சமிருக்கையில், 5 மீட்டர் ஆழத்தில், பிசிடி காலியாக இருந்தும் அசையாமல் நிற்க முடிய வேண்டும். எடை அதிகமாகக் கட்டினால் கால் தாழ்ந்து ஃபின் பவளத்தில் உரசும். மாஸ்க் வழியே பார்த்தால் பொருள் கால்பங்கு கிட்டே இருப்பதுபோல் தெரிவதால் தூரக் கணக்கும் தப்பும். 1998, 2010, 2016-இல் கடல் சூடேறிப் பவளம் வெளிறியதற்குப் பிறகு லட்சத்தீவில் மிஞ்சிய கிளைப் பவளத்துக்கு ஒரு உதை கூட அதிகம். உடைந்த துண்டைப் பையில் போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அகத்தியிலிருந்து கொச்சிக்கு விமானம் பிடிப்பவர்கள், பல டைவ் முடித்திருந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறக் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்; காற்றழுத்தம் குறையும் உயரத்தில் அது குமிழியாகலாம். கப்பலில் வருவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. கோவளத்தில் காலையில் டைவ் அடித்துவிட்டு மாலையில் பொன்முடிக்குக் காரேறுவோரும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும், அங்கே உயரம் சுமார் 1,100 மீட்டர்.