மதுரை வெயிலில் இதயத்துடிப்புப் பட்டை: உடல் சூடா, பட்டன் செல்லா?

இதயத்துடிப்பை அளக்கும் பட்டைக்கு மின்சாரத்தை உடல் சூட்டிலிருந்தும் எடுக்கலாம், பட்டன் செல்லிலிருந்தும் எடுக்கலாம். உடல் சூட்டிலிருந்து எடுக்க, தோலுக்கும் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு வேண்டும். தோல் சுமார் 33 டிகிரி. மே மாத மதியம் கோரிப்பாளையம் சிக்னலில் காற்று 38-ஐத் தாண்டினால் வெப்பம் உள்நோக்கிப் பாயும். மின்னழுத்தத்தின் திசையும் மாறிவிடும். இந்தச் சிறு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எல்டிசி3108 சிப் ஒரே திசையைத்தான் ஏற்கும். இங்கே இரு திசையையும் ஏற்கும் எல்டிசி3109 போடுங்கள். அப்போதும் காலையிலும் மாலையிலும் காற்று 33-ஐக் கடக்கும் நேரத்தில் மின்சாரம் அறவே நிற்கும்.

வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்குவது பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைக்கடத்தியால் ஆன தகடு. 127 குறைக்கடத்தி ஜோடி கொண்ட 40 மி.மீ. தகடு, தன் இரு பக்கங்களுக்கு இடையே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் தரும். மின்தடை 3 ஓம் என்றால் அதிகபட்சம் 0.2 மில்லிவாட். மாற்றும் இழப்பு போக அதில் பாதிகூட மிஞ்சாது. இதயத்தின் மின்குறிப்பைப் படிக்கும் ஏடி8232 ஈசிஜி சிப்புக்கு மட்டுமே 0.5 மில்லிவாட் தேவை. தகடு தோலோடு ஒட்டாமல் காற்று இடைவெளி விழுந்தால் அந்த ஒரு டிகிரியும் கிடைக்காது.

சிஆர்2032 பட்டன் செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. அந்த ஈசிஜி சிப்பை மட்டும் ஓட்டினால் கணக்குப்படி 50 நாள் தாண்டும். புளூடூத் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். புளூடூத் அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து கருவி ரீசெட் ஆவதுதான் வழக்கமான கோளாறு. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை செல்லுக்கு இணையாகப் போட்டால் தீரும். வியர்வை புகாதபடி செல் அறையை ரப்பர் வளையத்தால் அடைப்பது கட்டாயம்.

மதுரைக்குப் பட்டன் செல்லே சரி. கொடைக்கானல் குளிரிலோ ஏசி அறையிலோ, செல்லுக்குத் துணையாக உடல் சூட்டைச் சேர்க்கலாம்.