பீடிக் கார்டும் பென்ஷனும்: மான்தனா, அடலா?

நெல்லை, தென்காசி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் 30 வயதுப் பெண் ஒருத்தி, 60-க்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் வரவேண்டும் என்று நினைக்கிறாள். அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் பென்ஷன் திட்டமான பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தனில் சேர்ந்தால் மாதம் 105 ரூபாய் கட்டினால் போதும், அரசும் அதே 105 போடும். மத்திய அரசின் இன்னொரு திட்டமான அடல் பென்ஷனில் அதே 3,000-க்கு மாதம் 347 ரூபாய், முழுக்க அவள் பணம். முப்பது வருடத்துக் கணக்கு, மான்தனில் 37,800, அடலில் 1,24,920. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் பீடி சுற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது அடல்தான். எங்கள் வீட்டில் எடுத்ததும் அதுதான்.

சேரும் வயது இரண்டிலும் 18 முதல் 40. வங்கிக் கணக்கும் ஆதாரும் வேண்டும், வருமான வரி கட்டுகிறவர் இரண்டிலும் சேர முடியாது. இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது பிஎஃப். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அல்லது இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உள்ளவருக்கு மான்தனில் இடம் கிடையாது. மாதச் சம்பளமும் 15,000-ஐத் தாண்டக்கூடாது. அடலில் பிஎஃப் இருந்தாலும் சேரலாம். மற்ற கூலி வேலைகளில் இது பெரிய விஷயமில்லை. பீடியில் இதுதான் எல்லாம். வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவருக்கும் பிஎஃப் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நம் ஊரில் ஒரே கார்டில், அதாவது ஒருவர் பெயரில் உள்ள பீடித் தொழிலாளர் அட்டையில், மாமியாரும் மருமகளும் சுற்றும் வழக்கம் உண்டு. கடையில் இலையும் தூளும் ஒரு பெயருக்கு நிறுத்துக் கொடுப்பார்கள், வீட்டில் இரண்டு சுளகு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சாயங்காலம் கட்டெல்லாம் ஒரே கணக்கில் போய்ச் சேரும். காகிதப்படி மருமகளுக்கு பிஎஃப் இல்லை. அதனால் இன்று மான்தனில் சேரலாம். 58-ல் மாமியாரின் கணக்கு முடிந்து கார்டு மருமகள் பெயருக்கு வரும்போதுதான் வினை. அதற்குப் பிறகு அரசு தன் பங்கை நிறுத்திவிடும். தொடர வேண்டுமென்றால் இரண்டு பங்கையும் அவளே கட்ட வேண்டும். 105 என்று நம்பிச் சேர்ந்தது 210 ஆகும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தச் சிக்கலைக் கூட்டத்தான் செய்யும். பழைய பிஎஃப் சட்டம் குறிப்பிட்ட தொழில்களின் பட்டியலை வைத்து நடந்தது. இப்போது 20 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் பிஎஃப்-க்குள் வரும். பீடியை விட்டுவிட்டு மசாலா கம்பெனிக்கோ ஜவுளிக்கடைக்கோ போனாலும் கணக்கு தொடங்கிவிடும். தொழிலாளிக்கு அது நல்லதுதான், மான்தனோடுதான் ஒத்துப்போகாது.

மான்தனில் சேரும் இடத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. இ-ஷ்ரம் அட்டையிலும் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு அட்டை) பிஎஃப்-லும் இருப்பது ‘யூஏஎன்’ என்ற 12 இலக்க எண். இரண்டும் வேறு வேறு. இ-ஷ்ரம் எண்ணைக் காட்டி ‘எனக்கு பிஎஃப் இருக்கு’ என்பவரும் உண்டு, பழைய கான்ட்ராக்டர் போட்ட பிஎஃப் எண்ணை மறந்து ‘இல்லை’ என்று சேவை மையத்தில் உறுதிமொழி கொடுப்பவரும் உண்டு. ஆதாரை வைத்து பிஎஃப் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது, செத்த பிறகு என்ன மிஞ்சும் என்பது. மான்தனில் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி, அதாவது 1,500. அவரும் போனால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, சேர்ந்த பணம் நிதிக்கே திரும்பிவிடும். அடலில் துணைக்கு முழு 3,000 வரும், இருவருக்கும் பிறகு வாரிசுக்கு 5.1 லட்சம் கிடைக்கும். கூடுதலாகக் கட்டும் 87,120 ரூபாய்க்கு இதுதான் பதில்.

மழைக்காலத்தில் இலை குறைந்து வேலை அரைகுறையானால், அடலில் நிதியாண்டுக்கு ஒருமுறை தொகையை மாற்றிக்கொள்ளலாம். 30 வயதில் சேர்ந்தவர் 1,000 பென்ஷனுக்கு எடுத்தால் மாதம் 116-தான். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை பிடிக்கும்படியும் வைக்கலாம். கூலி ஏறும் கணக்கிலேயே ஆட்டோ டெபிட் கொடுங்கள். பணம் இல்லாமல் போனால் ஒவ்வொரு 100-க்கும் மாதம் ஒரு ரூபாய் அபராதம்.

மான்தன் யாருக்கு? நாற்பதைத் தொட்டவருக்கு. அந்த வயதில் மான்தன் 200, அடல் 873. பிஎஃப் பக்கமே போகப்போகாத வயல் வேலைக்காரருக்கும், திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துப் பனையேறிக்கும் அதுவே சரி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015-ல் தொடங்கிய அடலில் முதல் பென்ஷன் 2035-ல்தான், 2019-ல் தொடங்கிய மான்தனில் 2039-ல்தான். இரண்டிலும் 60 வயதுப் பென்ஷனை இன்னும் யாரும் கையில் வாங்கவில்லை. இங்கே சொன்னதெல்லாம் விதியைப் படித்துச் சொன்னது.

கார்டு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால், வேலையை விடும்போது பிஎஃப் பென்ஷன் பணத்தை 10சி படிவம் போட்டு எடுத்துவிடாதீர்கள். அதே படிவத்தில் ஸ்கீம் சர்டிஃபிகேட் (பணத்துக்குப் பதில் சர்வீஸைப் பதிந்து தரும் சான்று) கேளுங்கள். அடுத்த கடையின் சர்வீஸும் அதோடு சேரும். மொத்தம் 10 வருடம் தேறினால் 58-ல் பென்ஷன் உண்டு. சராசரி மாதக் கூலி 5,000, சர்வீஸ் 14 வருடம் என்றால், பெருக்கி 70-ஆல் வகுக்க 1,000 ரூபாய். அடலோடு சேர்த்து இதையும் வாங்கலாம்.